சங்கத் தச்சுக்கூடம்: பணிமேசை அமைப்பும் வட்ட ரம்பக் காப்பும்

தறிக்கும் கழனிக்கும் வேண்டிய மரச் சாமான்கள் பல. குழித்தறியின் மிதிகட்டை தேய்கிறது, படமரம் வெடிக்கிறது, தேனீப் பெட்டியின் அடிப்பலகை உளுத்துப்போகிறது, காய்கறி ஏற்றும் பெட்டிகள் நெடுநாள் தாங்குவதில்லை. இவற்றை ஒவ்வொரு முறையும் வெளியூர்ப் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதைக் காட்டிலும், அங்கத்தினர் பலர் கூடி ஒரு சிறு தச்சுக்கூடத்தை அமைத்துக்கொள்வது நலம். ஆனால் அக்கூடத்துக்கு வட்ட ரம்ப யந்திரம் வந்து சேரும்போது, அதனுடன் ஓர் அபாயமும் வந்து சேருகிறது. அறுந்த பாவிழையை முடிவதும் நாற்றை நடுவதும் விரல்களின் வேலை. விரல் போனால் தொழிலும் போயிற்று. ஆகவே கூடத்தை அமைக்கும் முறையையும், ரம்பத்தை ஓட்டும் முறையையும் இப்பாடத்தில் ஒருங்கே காண்போம்.

1. பணிமேசை

தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்வது நம் தச்சர்களின் மரபு. சிறு வேலைக்கு அது போதும். நீண்ட சட்டங்களை இழைப்பதற்கோ உறுதியான மேசை இன்றியமையாதது. மேசையின் உயரத்தை வேலை செய்பவரின் உடலைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதுவே பொதுவான வேலைக்கு ஏற்ற உயரம். நடுத்தர உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 31 முதல் 33 அங்குலம் வரை இருக்கும். இழைப்புளி வேலை மிகுதியாயின் 2 அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

நீளம் 5 அல்லது 6 அடி, அகலம் 2 அடி, மேற்பலகையின் கனம் 2 அங்குலத்துக்குக் குறையாமை, கால்கள் 3 அங்குலச் சதுரம் என்பன நல்ல அளவுகள். வேம்பு, வாகை, கருவேலம் ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொள்ளலாம். ஆனால் மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் உலர உலரச் சுருங்குமாதலால் பொருத்துகள் தளர்ந்துவிடும். கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஆணியால் மட்டும் இணைத்தல் போதாது, துளைப்பொருத்தே நிலைக்கும். சட்டத்தைப் பூட்டியதும் எதிர்மூலைகள் இரண்டையும் குறுக்காக அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் மூலைகள் நேர் என்று அறியலாம். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு முன்னோரத்தின் இடப்பக்கத்தில் சிராவியைப் பொருத்துக. கீழ்த்தட்டில் செங்கற்களை அடுக்கினால் மேசை அசையாது.

2. கூடத்தின் இடம்

நூலும் பஞ்சும் இருக்கும் அறைக்கு அருகில் தச்சுக்கூடம் கூடாது. மரத்தூளும் பஞ்சுத் துகளும் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. ஆதலின் காற்றோட்டமும், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் வேண்டும். ரம்பத்தைச் சுற்றி நிற்கும் தரை சமமாகவும் துண்டு மரங்கள் சிதறாமலும் இருத்தல் வேண்டும். கால் இடறினால் கை ரம்பத்தின்மேல் விழும்.

3. ரம்பம் மரத்தை எறிவது ஏன்?

12 அங்குல விட்டமுள்ள ரம்பத்தட்டு நிமிடத்துக்கு 2,880 முறை சுழலுமாயின், அதன் பற்கள் விநாடிக்கு ஏறத்தாழ 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. முன்பக்கத்துப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. மரம் பின்பற்களில் பட்டுவிட்டால், அவை அதைத் தூக்கி ஓட்டுபவரை நோக்கி எறிந்துவிடும். மரத்தைப் பற்றியிருந்த கையும் அத்துடன் ரம்பத்தின்மேல் இழுக்கப்படக்கூடும்.

மரம் பின்பற்களில் படுவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, முறையாக உலராத மரம் அறுபட்டதும் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு தட்டைக் கவ்வுதல். இரண்டாவது, வழிச்சட்டம் தட்டுக்கு இணையாக இல்லாமல் பின்புறம் நெருங்கியிருத்தல். மூன்றாவது, வழிச்சட்டத்தின் துணையின்றி வெறுங்கையால் மரத்தைத் தள்ளுதல்.

4. காப்பு உறுப்புகள்

பிளவுக் கத்தி என்பது தட்டின் பின்னால் நிற்கும் கூரற்ற எஃகுத் தகடு. அது அறுபட்ட வாயை மூடவிடாமல் காக்கிறது. அதன் கனம் ரம்பத்தட்டின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேசை மட்டத்தில் பற்களுக்கும் அதற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. தட்டின் மேல் மூடி இரண்டாவது காப்பு. தள்ளுகோல் மூன்றாவது; அது 450 மில்லிமீட்டராவது நீளமிருக்க வேண்டும். வெட்டின் கடைசி 300 மில்லிமீட்டரைக் கையால் தள்ளாமல் தள்ளுகோலாலேயே தள்ளுக.

கையில் பிடித்து அறுக்கும் யந்திரத்தைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் பூட்டி, மேசை ரம்பமாக்கும் வழக்கம் உண்டு. அதில் பிளவுக் கத்தியும் இல்லை, மூடியும் இல்லை, எட்டும் இடத்தில் சுவிட்சும் இல்லை. மலிவு கருதி அதைச் சங்கக் கூடத்தில் அனுமதித்தல் தகாது.

5. ஓட்டுங்கால் கவனிக்க வேண்டியவை

(அ) தட்டின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒருபுறமாக நிற்க.

(ஆ) மேல்துண்டு, தொங்கும் சேலைத் தலைப்பு, மோதிரம், கையுறை ஆகியவை கூடா. சுழலும் தட்டு கையுறையைப் பற்றினால் கையையும் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பானும் அணிக.

(இ) குறுக்கே அறுக்கும்போது வழிச்சட்டத்தை முட்டாகக் கொள்ளற்க. அறுந்த துண்டு இடையில் சிக்கிப் பறக்கும்.

(ஈ) தட்டு முற்றும் நிற்குமுன் துண்டுகளைக் கையால் அகற்றற்க.

(உ) மின்சாரம் தடைப்பட்டால் உடனே சுவிட்சை அணைக்க. மின்சாரம் மீண்டபோது தானே ஓடாத ஸ்டார்ட்டரைப் பொருத்துவது சிறந்தது.

(ஊ) தட்டை மாற்றும்போது மின் இணைப்பை அறவே துண்டிக்க. தட்டில் பொறித்த உச்சச் சுழற்சியை மீறற்க.

6. விபத்து நேரின்

யந்திரத்தை நிறுத்திவிட்டு, காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட விரலை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைக்க. விரல் பனிக்கட்டியில் நேரே படலாகாது. 108 ஆம்புலன்சை அழைத்து, விரலையும் உடன் கொண்டு செல்க.

மூடியைக் கழற்றினால் வேலை விரைவாகும் என்று சிலர் கருதுவர். அதனால் மிஞ்சுவது சில நிமிஷங்களே. இழக்க நேர்வதோ ஆயுள் முழுவதற்குமான பிழைப்பு. ஆகவே முறையாகப் பயிற்சி பெறாதவர் எவரும் ரம்பத்தைத் தொடலாகாது என்னும் விதியை நிர்வாகக் குழு எழுத்தில் வைத்து, சாவியைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைப்பது நலம்.

பயிற்சி வினாக்கள்

1. பின்பற்கள் முன்பற்களைவிட ஆபத்தானவை ஏன்?

2. பிளவுக் கத்தியின் கனம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

3. உமது சங்கக் கூடத்து ரம்பத்தில் மேற்கூறிய மூன்று காப்புகளும் உள்ளனவா? நேரில் சென்று பார்த்து விடை எழுதுக.