திரையில் அச்சம்

நுழையும்முன்

பேய் வந்தால் பேய்ப்படம் என்பது எளிய கணக்கு. பேய் வராமலே நடுங்கவைக்கும் படங்கள் உண்டு. பேய் வந்தும் சிரிக்கவைக்கும் படங்களும் உண்டு. இவற்றுள் எதனை அச்சப்படம் என்பது?

ஆடல்வல்லானுக்குரிய ஐந்து சபைகளுள் குற்றாலத்துச் சித்திர சபையும் ஒன்று. சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய நான்கிலும் இறைவனைத் திருமேனியாகக் காண்கிறோம். இங்கோ சுவரோவியமாகக் காண்கிறோம். வண்ணமும் கோடுமே என்று அறிந்தும் அன்பர் கைகள் தாமே குவிகின்றன. திரையரங்கிலும் இதுவே நிகழ்கிறது. எதிரே இருப்பது ஒளி மட்டுமே என்று அறிந்தும் இருக்கையை இறுகப் பற்றுகிறோம். ஆகவே, அச்சத்தைத் திரையில் தேடுவதினும் காண்போர் மெய்யில் தேடுவதே பொருத்தம்.

உள்ளத்துணர்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கிடத்துப் பிறக்கும் என்பது அவர் வகுத்த இலக்கணம். பேய் முதலியன அணங்கில் அடங்கும். எனில், நான்கில் ஒரு பங்கே பேய்க்குரியது! காட்டு விலங்கும், இருளில் வரும் கள்வரும், தண்டிக்கும் அதிகாரம் உடையோரும் எஞ்சியவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

ஆயினும், அஞ்சத்தக்க பொருள் இருந்தால் மட்டும் அச்சம் பிறந்துவிடுமா? தென்காசி வட்டாரத்தார் நன்கறிந்த ஒன்றையே எண்ணிப் பாருங்கள். ஆடிச் சாரலில் ஐந்தருவியில் நீராடுவோர்க்கு உவகை. அதே நீர் செம்மண் நிறத்தில் பெருகி, குளிக்கத் தடை விதிக்கப்பட்ட நாளில் எட்ட நின்று காண்போர்க்கு மருட்கை. திடீர் வெள்ளம் இறங்கும் நொடியில் அருவியடியில் நிற்பவர்க்கோ அச்சம். நீர் ஒன்றே; நிற்கும் இடம்தான் வேறு.

நம்மை எங்கே நிறுத்துவது என்பதே இயக்குநரின் பணி. கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) இருண்ட மாளிகைக்குள் தனித்துச் சிக்கிய இளைஞனின் அருகே நம்மை நெடுநேரம் நிறுத்துகிறது. பேய்க்கதை புனைவு என்று பின்னர்த் தெரிந்தாலும், முன்னர் அஞ்சியது பொய்யாகிவிடுவதில்லை. ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’வில் (2011) பேய் உண்மையாகவே வருகிறது. ஆனால், முற்பகுதியில் நகை மேலோங்குகிறது. பிற்பகுதியில் காஞ்சனாவுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அறிந்தபின் அழுகையும் வெகுளியும் அச்சத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பேரொலி எழுப்பித் திடுக்கிடவைப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அடுக்களையில் பூனை உருட்டும் பாத்திரமும் அதனைச் செய்யும்.

‘சந்திரமுகி’ (2005) சற்றுச் சிக்கலானது. 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்னும் மலையாளப் படத்தின் கதையைத் தழுவியது அது. கங்காவைக் கண்டு நடுங்கும் நாம், அவள் மனநோயால் வருந்துகிறாள் என்று மருத்துவர் விளக்கியதும் அவள் பக்கம் வந்து நிற்கிறோம். அதன் பின்னரும் அதனைப் பேய்ப்படம் என்றே அழைப்போமானால், நோயுற்ற ஒருத்தியைப் பேயாக்கிவிடுகிறோம். அச்சப்படம் என்பதில் பிழையில்லை. நாம் அஞ்சியது உண்மை. பேய் என்ற சொல்லைத்தான் கங்காவின்மேல் ஏற்றலாகாது.