படிக்கட்டுத் திருப்பத்தில் நின்ற சோபா

சோபா வாங்கும் முன் நான் அளக்காமல் இல்லை. ஹாலின் தெற்குச் சுவர் 9½ அடி, சோபா 7 அடி. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடவும் இடம் மிச்சம். அந்தத் தெம்பில்தான் கடையில் பணத்தைக் கட்டினேன். நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலத்தில், பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில்.

மூன்று பேர் தூக்கி வந்தார்கள். முதல் மாடி வரை சிரமமில்லாமல் ஏறிய சோபா, திருப்பத்தில் நின்றுவிட்டது. படிக்கட்டின் அகலம் 36 அங்குலம். அதில் இரும்புக் கைப்பிடி 3 அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. சோபாவின் முதுகு உயரமோ 34. நிமிர்த்தித் தூக்கினால் மேலே பீம் இடித்தது. "சார், இது திரும்பாது" என்றார் அவர்களில் மூத்தவர். தொழில் தெரிந்தவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு நான் விட்டிருக்க வேண்டும். "கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்கண்ணே" என்று இருபது நிமிடம் அவர்களைப் பாடாய்ப் படுத்தினேன். லிப்ட் இருக்கிறதே என்றால், அது நாலு பேர் லிப்ட், கதவு திறந்தால் 28 அங்குலம்தான். கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றலாம் என்றால், திருடனுக்குப் பயந்து நாங்களே அடித்த கிரில். சோபா வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. போக வர வாடகையும் கூலியும் என் தலையில்.

பொருள் உட்காரும் இடத்தை அளந்தேனே தவிர, அது நடந்து வரும் வழியை அளக்கவில்லை.

அடுத்த வருடம் பெரிய பிரிட்ஜ் வாங்கும்போது இஞ்ச் டேப்போடு தெருவிலிருந்தே தொடங்கினேன். கேட், மாடிப்படி, திருப்பம், வாசலுக்கு முன்னால் வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவு, நிலைவாசல், சமையலறைக் கதவு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். இதில் ஏமாற்றுவது கதவுதான். என் சமையலறையில் நிலைக்கும் நிலைக்கும் நடுவே 29 அங்குலம். ஆனால் பக்கச் சுவர் தடுப்பதால் கதவு முழுக்கத் திரும்பாது. பாதியில் நிற்கும் பலகையின் தடிமன் ஒன்றரை அங்குலத்தை எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 27½. கடைக்காரர் பிரிட்ஜின் அகலத்தை 70 சென்டிமீட்டர் என்றார். 2.54-ஆல் வகுத்தால் 27½-க்கு ஒரு மயிரிழை கூட. முந்தின நாளே தச்சரை அழைத்து, கீல் திருகுகளை எடுத்துக் கதவைக் கழற்றி வைத்தோம். அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்துவிடச் சொன்னேன், அது ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு அங்குலம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் பிரிட்ஜ் உள்ளே.

பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவரலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும். வேறு வழியில்லாமல் படுக்கவைத்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

உட்காரும் இடத்தைச் சரியாக அதே அளவில் விட்டாலும் வம்புதான். பிரிட்ஜுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் காற்றுக்கு இடம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் கதவு திறக்கும், ஆனால் காய்கறி டிராயரை முழுக்க இழுக்க முடியாது. என் மாமியார் வாஸ்து பார்த்துச் சொன்ன மூலையில் இந்தச் சங்கடத்தோடு இன்னொன்றும் இருந்தது: அங்கே பிளக் பாயின்டே இல்லை.

பீரோவுக்குக் கணக்கு வேறு. 78 அங்குல உயரமும் 19 அங்குல ஆழமும் உள்ள பீரோவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து நிமிர்த்தும்போது அதன் மூலை 80 அங்குலத்துக்கும் மேலே எழும்பும். தாழ்ந்த பரணுக்கு அடியில் நிமிர்த்தினால் இடிக்கும். அறை நடுவே நிமிர்த்திவிட்டுப் பிறகு தள்ளுங்கள். கட்டில் பெரும்பாலும் பிரித்துத்தான் வரும், கவலை இல்லை. அதன் ஸ்பிரிங் மெத்தை மடங்காது, படிக்கட்டில் அதுதான் தொல்லை.

இடம் போதுமா என்று சந்தேகமாக இருந்தால் பழைய செய்தித்தாளைப் பொருளின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று இருக்கை சோபாவுக்குப் பதிலாக, கால் கழற்றும் இரண்டு இருக்கை சோபா வந்தது இப்படித்தான். காகிதத்தை மிதிக்காமல் அம்மாவால் பூஜை அலமாரிக்குப் போக முடியவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில் அந்தப் பழைய சோபாவின் கால் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்கும் பேச்சு வரும்போதெல்லாம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னைத்தான் பார்க்கிறார்.