பூட்டனாரின் தந்தையைத் தேடி

பழனி வட்டத்தில் பாப்பம்பட்டிக்கு அருகே உள்ள ஐவர்மலையை நம் வாசகர்களுள் பலர் கண்டிருப்பர். பழங்காலத்தில் திருவயிரை என வழங்கிய அம்மலையின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பதினாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டொன்று சக ஆண்டு 792-இல், அதாவது கி.பி. 870-இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய காளத்துச் சாந்திவீரக் குரவர், பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் வைத்தார் என்பது அதன் செய்தி.

ஆசிரியர் பெயர், மாணாக்கர் பெயர், ஊர், இருமுறையாகக் குறித்த ஆண்டு, செய்த செயல், கொடுத்த பொன்னின் அளவு ஆகிய அனைத்தும் அச்சில வரிகளில் உள்ளன. பதினொன்றரை நூற்றாண்டுக்கு முற்பட்ட ஒருவரைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது. ஆனால் 1850-ஆம் ஆண்டளவில் இதே பழனியில் உழுதும் கடை வைத்தும் வாழ்ந்த நம் பூட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம். ஏன் இந்நிலை? அவரை எங்கே, எவ்வாறு தேடுவது? இதனை ஒரு பாடமாகவே இங்குக் காண்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆவணம் எதுவும் பேரப்பிள்ளைகள் படித்து மகிழ எழுதப்பட்டதன்று. வரி வாங்க, கடன் கொடுக்க, நிலம் விற்க, வழக்காட, ஆள் ஏற்றி அனுப்ப எழுதப்பட்டவையே அவை. ஆகவே நம் முன்னோரின் வாழ்வில் நிலமும் பணமும் எங்கே குறுக்கிட்டனவோ அங்கேதான் அவர்தம் பெயரைத் தேட வேண்டும். இங்கிலாந்தில் 1841 முதல் எடுத்த குடிக்கணக்குத் தாள்கள் வீட்டார் பெயர்களோடு காக்கப்பட்டுள்ளமையால் அந்நாட்டார் வீட்டிலிருந்தபடியே பாட்டனாரைக் கண்டுபிடிக்கின்றனர். சென்னை மாகாணத்திலும் 1871-இல் குடிக்கணக்கு எடுத்தனர். ஆனால் தொகை கூட்டிய பின் வீட்டுத் தாள்களைக் காத்து வைக்கவில்லை. எத்தனை பேர் இருந்தனர் என்பது அச்சில் உள்ளது. யார் யார் இருந்தனர் என்பது இல்லை. அவ்வழி நமக்கு அடைபட்ட வழி.

பிறப்பு இறப்புப் பதிவுக்கெனச் சென்னை மாகாணச் சட்டம் 1899-இல்தான் வந்தது. அதற்குப் பிந்திய பதிவேடுகளிலும் குழந்தைக்குப் பெயரிடும் முன்பே எழுதிவிடுவதால் “ஆண் குழந்தை” என்றும் தந்தை பெயரும் மட்டுமே இருப்பதுண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நம்பலாமே என்பீர்கள். தந்தை பெயருக்கும் ஊருக்கும் நம்பலாம். பிறந்த நாளுக்கு நம்ப வேண்டா. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடச்செவியைத் தொட்ட பிள்ளைக்கு வயது ஐந்து என்று கொண்டு, தலைமையாசிரியர் ஒரு தேதியைத் தாமே எழுதிய காலம் அது.

எனவே வீட்டிலிருந்தே தொடங்குவோம். உயிரோடிருக்கும் முதியவரிடம் பெயர்களைக் கேட்பதற்கு முன் ஊர்களைக் கேளுங்கள். “உங்கள் அப்பாரு எந்த ஊரிலிருந்து வந்தார்? அம்மாயி பிறந்த ஊர் எது? எந்தச் சாமிக்கு முடி எடுத்தீர்கள்?” என்று கேட்டால் நினைவு தானே ஊறும். குலதெய்வம் இருக்கும் ஊர் பல குடும்பங்களுக்குப் பழைய பூர்விக ஊரே. அக்கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டுகளில் குடும்பத் தலைவர் பெயர்கள் ஆண்டுவாரியாக இருக்கும். திருமண மொய் நோட்டுகளையும் எளிதாக எண்ணாதீர்கள். மொய் எழுதியவர் பெயரோடு ஊரும் இருப்பதால், மறந்துபோன உறவின் ஊர் அதில் அகப்படும்.

அடுத்த இடர்ப்பாடு பெயர். பழனியில் பழனிச்சாமியைத் தேடுவது எளிய செயலா? பழனியப்பன், பழனியாண்டி, பழனிவேல், தண்டபாணி, வேலாயுதம் என்று ஒரே தெருவில் பத்துப் பேர் இருப்பர். அதன்மேல், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரு குடும்பத்திலேயே அதே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். மூத்த மகன், இளைய மகன், மகள் என மூவரும் தத்தம் தலைப்பிள்ளைக்குத் தந்தையார் பெயரை இட்டால், ஒரே வயதில் ஒரே பெயரில் மூவர் தோன்றுவர். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவ்வொற்றை எழுத்து ஒரு தலைமுறைக்கு மேல் வழி காட்டாது.

ஆறாம் வகுப்பு மாணவரிடம் வமிசாவளி எழுதி வரச் சொல்வது என் வழக்கமாக இருந்தது. தந்தையின் தந்தை பெயரை ஏறத்தாழ எல்லோரும் எழுதி வருவர். தந்தையைப் பெற்ற தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “ஆத்தா” என்று எழுதி வந்த பிள்ளைகள் பலர். வீட்டில் கேட்டும் அதற்கு மேல் விடை கிடைக்கவில்லையாம்.

ஆகவே ஒரே பெயருடையவர் அனைவரும் ஒருவரல்லர் என்பதை விதியாகக் கொள்ளுங்கள். பெயர் பொருந்தினால் போதாது. தந்தை பெயர், மனைவி பெயர், நிலத்தின் இடம், குலதெய்வம் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். செல்வராய் இருந்த ஒரு பழனியப்பரைக் கண்டதும் “இவரே எங்கள் ஓட்டனார்” என்று சட்டமிட்டு மாட்டிவிடும் ஆர்வம் எனக்கு உடன்பாடில்லை. ஏழைப் பழனியப்பருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பர் அல்லவா?

பெயருக்கு அடுத்தது காலம். பழைய பத்திரங்களில் ஆங்கில ஆண்டு இல்லாதிருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் வரும் பெயரும் பசலியும் இருக்கும். “தாது வருஷம் ஆவணி மாதம்” என்று மட்டும் இருந்தால் அது 1816-ஆகவும் இருக்கலாம், 1876-ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே இரண்டு தலைமுறை. பசலியைப் பார்த்தால் ஐயம் நீங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 எனில் 1876. பசலி 1226 எனில் 1816. பசலி ஆண்டின் நடுவில்தான் தொடங்குவதால், தை மாசி மாதத்துப் பத்திரமாயின் மேலும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

தாது வருஷம் என்றதும் பஞ்சம் நினைவுக்கு வரும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தைக் காலக்கோலாகப் பயன்படுத்தலாம். “பஞ்சத்தில் பிறந்தவர்”, “பஞ்சத்தின்போது கைப்பிள்ளை” என்று வீட்டில் வழங்கும் சொல், பதிவேட்டுத் தேதியைவிட நம்பத்தக்கது.

இனி அலுவலகங்களுக்குச் செல்வோம். 1865 சனவரி முதல் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலவுரிமை மாற்றங்களைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்பெயர் அட்டவணை ஒன்றும் சொத்து அட்டவணை ஒன்றும் உண்டு. கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அண்மைக் காலத்தோடு நின்றுவிடும். பழைய தொகுதிக்கு மனுச் செய்தே கேட்க வேண்டும். பத்திரம் கிடைத்தால் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு நில்லாதீர்கள். நான்கெல்லையைப் படியுங்கள். “இன்னார் காட்டுக்கு மேற்கு, இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு” என்று அதில் வரும் இன்னார், தம் வாழ்நாளில் நிலம் விற்காதவராகவும் வாங்காதவராகவும் இருக்கலாம். தம் பெயரில் ஒரு பத்திரமும் இல்லாத அவர், அண்டை நிலத்துப் பத்திரத்தில் அகப்பட்டுவிடுகிறார். சாட்சிக் கையெழுத்துகளும் அவ்வாறே. சாட்சி பெரும்பாலும் உறவினர் அல்லது பக்கத்து நிலத்தவர்.

நிலவரித் திட்டப் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர் புல எண்வாரியாக உண்டு. பழனியைச் சூழ்ந்த ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி போன்றவை ஜமீன்களாக இருந்தமையால் அவ்வூர்க் குடியானவர் கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது. 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அது அரசின் கைக்கு வந்தது. கோயில் பணிக்கோ சத்திரத்துக்கோ மானியம் பெற்ற குடும்பமாயின் நற்பேறு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் ஆராய்ந்து எழுதிய இனாம் பேர் ரெஜிஸ்டரில், முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் பெயர், வயது, முதல்வருக்கு அவர் என்ன உறவு என்பன வரை உள்ளன. அரசே எழுதிவைத்த வமிசாவளி அது! சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் காணலாம். ஒன்றை மறவாதீர்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முற்பட்ட அனைத்தும் மதுரை மாவட்டத்தின் கீழ் இருக்கும். ஆங்கிலேயர் மதுரையை “மதுரா” என்றும் பழனியைப் “புல்னி” என்றும் எழுதினர். அட்டவணையில் எழுத்து மாறித் தேடாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

மேலும் ஓர் ஊற்று உண்டு. சொல்லவே சற்றுக் கூச்சம். அது குடும்பச் சண்டை. பாகப்பிரிவினை வழக்கில் வாதி தம் உரிமையை நிறுவ வமிசாவளி அட்டவணையைப் பிராதிலேயே சேர்ப்பார். எதிர்வாதி அதில் பிழை கண்டு மறுப்பார். இருவரும் சேர்ந்து நமக்குத் திருத்திய படி ஒன்றைத் தந்து செல்வர். ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பங்கள் ஆவணத்தில் ஊமையாக நிற்கின்றன.

இவ்வளவிலும் பெண்கள் எங்கே? நிலம் ஆண் பெயரில் இருந்ததால் பெண்ணின் பெயர் ஆவணத்தில் வர அவள் கணவனை இழக்க வேண்டியிருந்தது. மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகத் தாய் கைநாட்டு வைக்கும் பத்திரத்தில்தான், அதுவரை “இன்னார் மனைவி” என்றிருந்தவர் தம் பெயரோடு தோன்றுகிறார். ஆதலால் ஒரு தலைமுறையில் ஆண் இளமையில் இறந்தார் எனக் கேள்விப்பட்டால், அந்த ஐந்து பத்து ஆண்டுப் பத்திரங்களை விடாது பாருங்கள். தாய்வீடு கொடுத்த சீதன நிலத்தின் பத்திரத்திலும் அவர் பெயரும் அவர் தந்தை பெயரும் சேர்ந்து வரும்.

நிலமே இல்லாதவர் நிலை இன்னும் கடினம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் பின் சென்றோருக்கு ஆள்தோறும் விரிந்த பதிவு கிடைத்தல் அரிது. ஆனால் கடல் கடந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் செய்தி வேறு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு, பச்சை குத்திய இடம் என அதில் அடங்காதது குறைவு. மொரீசியசுத் தீவில், மோகா நகரின் மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படும் பதிவேடுகளில் 1860-களிலிருந்து நிழற்படமும் உண்டு.

சற்றே எண்ணிப் பாருங்கள். நூறு ஏக்கர் வைத்திருந்த பட்டாதாரரின் முகம் நமக்குத் தெரியாது. ஒரு சாண் நிலமும் இல்லாது பஞ்சத்தில் கப்பலேறியவரின் இடத்தோளில் இருந்த வடு வரை தெரியும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது அது. அன்பினால் எழுதியதன்று. ஆயினும் இன்று தர்பனிலிருந்து தம் ஊரைத் தேடி வரும் கொள்ளுப்பேரனுக்கு அவ்வடுவே வழிகாட்டி. அவர்கள் பெயர்கள் அங்கே உருமாறியுள்ளன. முதலியார் “மூட்லி” ஆனார். கவுண்டர் “கோவெண்டர்” ஆனார். நம் வீட்டில் “பஞ்சத்தில் போனவர் வரவேயில்லை” என்று ஒருவரைப் பற்றிப் பேச்சிருந்தால், தேட வேண்டிய இடம் பழனித் தாலுகா அலுவலகம் மட்டுமன்று.

வடநாட்டுச் சமணக் குடும்பங்கள் பலவற்றுக்கு வஹீவஞ்சா எனப்படும் வமிசாவளிக் கணக்கர் உண்டு. அவர் தலைமுறைதோறும் வீட்டுக்கு வந்து பெயர்களை எழுதிச் செல்வார். குசராத்திலிருந்தும் இராசத்தானத்திலிருந்தும் இப்பக்கம் வந்து கடை வைத்த குடும்பத்தார் தம் பூர்விக ஊரில் அவரைக் கேட்பின் பல நூற்றாண்டுப் பெயர்கள் கிடைக்கக்கூடும். தமிழ்ச் சமணருக்கோ வேறொரு வழி உண்டு. சாத்திர தானமாக ஏடெழுதிக் கொடுத்தல் நம் முன்னோர் அறமாகக் கொண்டது. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயர், எழுதுவித்தவர் பெயர், ஊர், ஆண்டு, மாதம் ஆகியவை குறிக்கப்பெறுவதுண்டு. அது நிலமும் வழக்கும் தொடாத மனிதரின் பெயர்.

அவ்வேடுகளுள் எத்தனையோ ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டன. கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தபோது வீட்டுப் பரணில் தங்கிய கணக்குக் கட்டுகள் பல கரையானுக்கும் பழைய தாள் வாங்குவோருக்கும் சென்றன. உங்கள் வீட்டுப் பரணில் கயிற்றுக் கட்டு ஏதேனும் இருந்தால், எடைக்குப் போடும் முன் கடைசி ஏட்டைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து விளங்காவிடினும் படம் எடுத்துவைத்து, பழைய தமிழ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வமிசாவளி எழுதத் தொடங்கும்போது, மெய்ப்பிக்கப்பட்ட பெயரை மையாலும் கேள்விப்பட்ட பெயரைப் பென்சிலாலும் எழுதுங்கள். தந்தைக்கு விடும் அளவு இடத்தையே தாய்க்கும் விட்டு, அதன்கீழ் அவர் பிறந்த ஊருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.