பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று சொன்னது யார்?

அத்திப்பட்டில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால், "அண்ணே, இது இங்க ஓடாது, நோட்டா குடுங்க" என்ற பதில் வரலாம். அதே நாணயத்தைத் திருவொற்றியூரில் டீக்கடைக்காரர் ஒரு பேச்சும் பேசாமல் கல்லாவில் போட்டிருப்பார். இரண்டு ஊரும் ஒரே ரயில் தடத்தில் இருப்பவை. இரண்டுக்கும் சட்டமும் ஒன்றுதான். பணத்தைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் ஏழையின் மடியில் நேரடியாகக் கைவைப்பது இதுதான். ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: ₹ குறி இல்லாத பத்து ரூபாய் நாணயம் போலி. பத்துக் கோடு இருந்தால் செல்லும், பதினைந்து கோடு இருந்தால் செல்லாது.

உண்மை: ₹ குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். அந்தக் குறியுடன் நாணயங்கள் வரத் தொடங்கியது 2011இல். அதற்கு முன்பே அடித்து வெளியிட்ட நாணயத்தில் அந்தக் குறி எப்படி இருக்கும்? குறி இல்லாதவையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2016 நவம்பர் 20 அன்றே அறிவித்தது. புரளி அடங்கவில்லை. 2018 ஜனவரி 17 அன்று மறுபடியும் அறிவித்தது: அதுவரை வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் 14 வடிவங்களில் உள்ளன, பதினான்கும் செல்லும். நாணயங்களை அடிப்பது மத்திய அரசின் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நாணயச்சாலைகள். தாள் நோட்டு கசங்கிக் கிழிந்து வங்கிக்குத் திரும்பிவிடும். நாணயம் ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய அச்சும் புதிய அச்சும் ஒரே நேரத்தில் நம் கைக்கு வருகின்றன. வடிவம் வேறுபட்டாலே போலி என்று நினைக்க இடமில்லை.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது புரியாததல்ல. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்டவர்கள் நாம். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவதில் வியப்பில்லை. ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 1946, 1978, 2016 ஆகிய மூன்று முறையும் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனவை பெரிய மதிப்புள்ள நோட்டுகள்தான். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, 2011 ஜூன் 30க்குப் பிறகு விலக்கப்பட்டன. 50 பைசா அந்தப் பட்டியலில் இல்லை; கடைகளில் யாரும் வாங்காவிட்டாலும் சட்டப்படி அது இன்றும் செல்லும். மறுக்கும் உரிமையைச் சட்டம் ஓரிடத்தில்தான் தருகிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் செலுத்தலாம். மூட்டை நிறையச் சில்லறை கொண்டுவந்து கொட்டினால் வேண்டாம் எனலாம். ஆட்டோவுக்கு நீட்டிய ஒற்றை நாணயத்துக்கு அந்த விதி பொருந்தாது.

நம்பிக்கை: வெள்ளைக்காரர் வந்த நாளிலிருந்து நாடு முழுக்க ஒரே ரூபாய்தான்.

உண்மை: சென்னையை ஒட்டிய இந்தக் கடற்கரையின் வரலாறே அதை மறுக்கிறது. அத்திப்பட்டுக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் அங்கேயே நாணயமும் அடித்தார்கள். தெற்கே ஆங்கிலேயருக்கு 1639இல் அப்பகுதியை ஆண்ட நாயக்கர் தந்த உரிமைகளில் நாணயம் அடிக்கும் உரிமையும் ஒன்று. அவர்கள் சென்னையில் அடித்த நாணயங்களில் முதன்மையானது தங்க வராகன். ஒரு பக்கம் விஷ்ணு உருவம், மறுபக்கம் நட்சத்திரம். தங்கள் மன்னரின் முகத்தைப் போட்டால் இங்கே யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வணிகம் செய்ய வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட வெள்ளிக் கால் வராகனில் கோயில் கோபுரம் இருக்கிறது, தமிழ் எழுத்தும் இருக்கிறது.

கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தங்கம், வெள்ளி, செம்பு ஆகிய மூன்றின் சந்தை விலையும் தனித்தனியே ஏறி இறங்கியதால் இந்தக் கணக்கு ஏட்டில்தான் நிலைத்து நின்றது. கடைவீதியில் அன்றன்றைய மாற்று விலை என்ன என்பதைச் சொன்னவர்கள் சராப்புகள் எனப்பட்ட நாணயமாற்றுக்காரர்கள். செம்புக்காசில் கூலி வாங்கியவர் அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1818இல்தான் சென்னை மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது 1835இல். சென்னை நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. தங்கசாலை என்ற தெருப்பெயர் இன்றும் நிற்கிறது. நாணயச்சாலை கடைசியாக இயங்கிய வளாகம் அரசு அச்சகமானது.

நோட்டின் கதை இன்னும் வியப்பானது. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை வங்கிகளிடமிருந்து எடுத்து அரசிடம் தந்தது. ஆனால் நாட்டை வட்டங்களாகப் பிரித்தது. சென்னை வட்டத்து நோட்டைக் கல்கத்தாவில் கொடுத்தால் வாங்க வேண்டிய சட்டக் கட்டாயம் யாருக்கும் இல்லை. 1903இல் ஐந்து ரூபாய் நோட்டு பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் என்றானது. 1910இல் பத்தும் ஐம்பதும், 1911இல் நூறும் அந்த நிலையை அடைந்தன. ஊருக்கு ஊர் செல்லாமல் போகும் பணத்தை ஒழிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. அப்படி ஒழித்த வட்டத்தை நாமே சென்னைக்கும் அத்திப்பட்டுக்கும் இடையில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. சென்னையில் மீன் விற்றுவிட்டு வரும் பெண்ணின் கூடையில் பத்து ரூபாய் நாணயங்கள் சேர்கின்றன. ஊர் திரும்பியதும் அவற்றைக் கொண்டு பால் பாக்கெட் வாங்க முடியாது என்றால், அந்த இழப்பு முழுவதும் அவருடையது.

நம்பிக்கை: ரிசர்வ் வங்கி கையில் உள்ள தங்கத்தின் அளவுக்குத்தான் நோட்டு அச்சிடும்.

உண்மை: நோட்டு மதிப்பில் ஒரு விகிதத்தைத் தங்கமாகவும் அயல்நாட்டுப் பத்திரங்களாகவும் வைத்திருக்கும் பழைய முறைகூட 1956இல் கைவிடப்பட்டது. 1957இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்சம் 200 கோடி ரூபாய் கையிருப்பு போதும். அதில் 115 கோடி தங்கமாக இருக்க வேண்டும். நோட்டுக்குப் பின்னால் நிற்பது மத்திய அரசின் உத்தரவாதம். உலோகத்தில் மதிப்பைத் தேடுகிறவர்கள்தான் நாணயத்தின் கோடுகளை எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை: 1947இல் ஒரு டாலர் ஒரு ரூபாய்.

உண்மை: இல்லை. அப்போது ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு, அதே பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்தால் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 30 காசு வரும்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்குங்கள். பயணிக்கு மீதிச் சில்லறையாகவும் கொடுங்கள். சேர்ந்துபோனால் உங்கள் வங்கிக் கிளையில் கட்டுங்கள். நாணயங்களை வாங்கிக்கொள்ளும்படி எல்லாக் கிளைகளுக்கும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது.