மக்காச்சோளப் பாம்பின் நிற வேறுபாடுகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களுக்குரிய மக்காச்சோளப் பாம்பு நஞ்சற்றது; வீடுகளில் விரும்பி வளர்க்கப்படுவது. கருவிளிம்புடைய செந்திட்டுகளே அதன் இயல்பான தோற்றம்.

கருநிறமி அற்ற பாம்பில் கறுப்பு அறவே இராது, கண்கள் சிவந்திருக்கும். செந்நிறமி அற்றது சாம்பல் நிறமாயிருக்கும். அதன் கண்கள் சிவப்பதில்லை. இவ்விரண்டும் ஒடுங்கு பண்புகள். ஆதலின், தூய வழியைச் சேர்ந்த இவ்விரு வகைகளையும் கலந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் இயல்பான நிறமே பெறும். அவற்றைத் தம்முள் இணைத்தால், சராசரியாக 16-இல் ஒன்று இரு நிறமிகளுமின்றி வெளிறித் தோன்றும்.

சாம்பல் நிறத்தை வேறொரு ஜீனும் உண்டாக்கும். கண்ணால் மட்டும் பிரித்தறிதல் அரிது. சாம்பல் நிறப் பாம்புகள் இரண்டை இணைத்தபோது இயல்பான நிறக் குட்டிகள் பிறப்பின், பெற்றோரின் ஜீன்கள் வெவ்வேறானவை எனத் துணியலாம். எனவே நிறத்தோடு வழித்தோன்றல்களையும் நோக்கியே வகையை முடிவு செய்தல் வேண்டும்.