பற்றாத சுடரும் பதில் சொல்லும் பெட்டியும்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அரசலாற்று முகத்துவாரத்தில் எஞ்சின் வேலையும் வலை வேலையும் நடக்கும் அந்த நாட்களில், படகிலுள்ள ஆபத்துச் சுடர்ப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கடலில் இழுத்தும் பற்றாத சுடர், பெரும்பாலும் கரையிலேயே கெட்டுப்போனதுதான்.

சுடரின் ஆயுள் பொதுவாக 3 ஆண்டு. ஆனால் தேதியை மட்டும் நம்பக் கூடாது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தால் ஈரம் ஏறி, முதலில் தீ பிடிக்க வேண்டிய பற்றுமருந்து செத்துவிடும். மூடி விரிசல், துரு, உடல் உப்பியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழித்துவிடுங்கள். வெயிலில் காயவைப்பது, பிரித்துப் பார்ப்பது, தீக்குச்சி வைப்பது எல்லாம் விரலுக்கு வினை.

எதை வாங்குவது? கைச்சுடர் 1 நிமிடம் எரியும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 விநாடி எரியும். வெளிச்சமும் கைச்சுடரைப் போல இரு மடங்கு. புகைச் சிக்னல் 3 நிமிடம், பகலுக்கு மட்டும்; ஹெலிகாப்டருக்குக் காற்றின் திசையையும் காட்டும். காலையில் போய் மாலையில் திரும்பும் பைபர் படகுக்குக் கைச்சுடரும் புகையும் போதும். நாள் கணக்கில் தங்கும் விசைப்படகில் ராக்கெட் இல்லாமல் போகக் கூடாது.

கைச்சுடரைக் காற்று போகும் பக்கம், படகுக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். சொட்டும் நெருப்புக் கசடு நைலான் வலையில் விழுந்தால் இன்னொரு ஆபத்து. ராக்கெட் கிளம்பவில்லையா? முகத்தை மேலே கொண்டுபோகாமல், அதே திசையில் ஒரு நிமிடமாவது பிடித்திருந்து, பிறகு கடலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அதனால் எதையும் ஒன்று மட்டும் வாங்காதீர்கள்.

இவ்வளவுக்கும், பார்க்க ஆள் இல்லாவிட்டால் சுடர் வெறும் வாணவேடிக்கை. கப்பலோ ஹெலிகாப்டரோ கண்ணில் பட்ட பிறகே கொளுத்த வேண்டும். அதுவரை அழைக்க வேண்டியது வேறு கருவி. விஎச்எஃப் வாக்கி டாக்கியின் 16ஆம் சேனல் பக்கத்துப் படகுகளுக்கு எட்டும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் அதுவும் கைவிடும். இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவியான டாட், செயற்கைக்கோள் வழியே இடத்தைச் சொல்லிவிடும். பழைய டாட்டில் பொத்தானை அழுத்தியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிக்கு மீட்பு மையத்திலிருந்து பதில் வரும். எஞ்சின் நின்ற இரவில் அந்தப் பதில் பெரிய தெம்பு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், என் ஓட்டு இதற்கே. சுடர் அடுத்த மாதம்.

கரையில் இருப்பவர்களுக்கு: படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554.