அவருக்கு அதை

ஜாசின்

பேரனுக்கு,

ஸ்பானிய பாஷை பயிலும் நீ, 'அவருக்கு அதைக் கொடுக்கிறேன்' என்பதற்கு 'லே லோ தோய்' என்று எழுதி ஆசிரியையின் சிவப்பு மைக்கு ஆளானதையும், 'லே' என்றால் அவருக்கு, 'லோ' என்றால் அதை என்று தனித்தனியே ஒப்புக்கொண்டவர்கள் இரண்டையும் அருகருகே நிறுத்தினால் மட்டும் மறுப்பது என்ன நியாயம் என்று மனம் புழுங்கியதையும் உன் கடிதத்தில் படித்தேன்.

நாம் 'எனக்கு அதை' என்று நான்காம் வேற்றுமையை முன்னும் இரண்டாம் வேற்றுமையைப் பின்னும் வைத்துப் பேசுகிற அதே வரிசையில்தான் ஸ்பானியரும் 'மே லோ' என்கிறார்கள். ஆகவே வரிசையைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். பெறுகிறவர் படர்க்கையாகி, பொருளும் லோ, லா, லோஸ், லாஸ் என்பவற்றுள் ஒன்றாய் வரும்போது மட்டும், லே ஆயினும் லேஸ் ஆயினும் 'செ' என்று வேஷம் மாறி, 'செ லோ தோய்' என்றாகும். இதை வீம்பென்று எண்ணாதே. எனக்கும் உனக்கும் வருவதைத் 'தருதல்' என்றும், அவனுக்குப் போவதைக் 'கொடுத்தல்' என்றும் தொல்காப்பியர் வகுத்துவைத்த பாஷையில் பிறந்த நாம், படர்க்கை வந்தால் சொல் மாறுவதைக் கண்டு வியக்கலாமா?

உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் கிராணி, 'தண்டலிடம் கத்தியைக் கொடுத்தாயா?' என்று கேட்டால், நாம் 'கொடுத்துவிட்டேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஸ்பானியமோ, கொடுத்தவனை நம்மைப் போலவே வினையின் விகுதியில் அடக்கிக்கொண்டாலும், பெற்றவனையும் பொருளையும் விடாமல் 'செ லோ தி' என்று சொல்லியே தீரும். ஆகையால் வாய் திறக்குமுன் 'யாருக்கு, எதை' என்று மனத்துக்குள் கேட்டுப் பழகு. அந்த அப்பியாசமே போதும்.

லீவில் வந்தால் உஜோங் பாசிருக்குப் போய்வருவோம். 1511இல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை ஆண்ட போர்த்துகீசியரின் பாஷையிலிருந்து பிறந்து அங்கே வழங்கும் கிறிஸ்தாங் மொழியில் மே, லே, லோ போன்ற இந்தச் சிற்றொட்டுகளெல்லாம் உதிர்ந்துபோய், 'எனக்குக் கொடு' என்பதற்குத் 'தா கு யோ' என்பார்கள். நம்முடைய 'தா'வும் 'கு'வும் காதில் விழுந்தாற்போல் இருக்கும்; ஆனால் அந்தக் 'கு', 'உடன்' என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்து, பெயருக்கு முன்னே நிற்பது. சாயலைப் பிடித்துக்கொண்டு ஏறு. உறவென்று மட்டும் நம்பிவிடாதே.

இக்கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டிவிட்டு, 'அவருக்கு அதைக் காட்டினேன்' என்று ஸ்பானியத்தில் ஒரு வரி எழுதியனுப்பு. கடிதம் அங்கே பெண்பால் என்பதை மறவாதே.

இப்படிக்கு,
தாத்தா